செயின் பறித்துச் சிறைக்குப் போனவன் ஏன் திரும்பவும் பறிக்கிறான்?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. நகரங்களில் செயின் பறிப்பும் செல்போன் பறிப்பும் ஏன் ஓயவில்லை என்பது ஒன்று. பிடித்து உள்ளே போட்டவனே ஏன் திரும்ப வருகிறான், தண்டனையைக் கடுமையாக்கினால் சரியாகிவிடாதா என்பது இன்னொன்று. தமிழ்நாட்டு நகரங்களை மனதில் கொண்டு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டங்களை வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக: நம் ஊரில் தண்டனை தீர்ப்பில் வருவதில்லை, ரிமாண்டிலேயே, அதாவது விசாரணைக்கு முன்பே நீதிமன்றக் காவலில் அடைப்பதிலேயே, வந்துவிடுகிறது. தீர்ப்பு எப்போது வரும், வருமா என்பதே நிச்சயமில்லை. சிறை மட்டும் பிடிபட்ட மறுநாளே நிச்சயம். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில்தான் ஒருமுறை தவறியவன் தொழில்காரனாக மாறுகிறான்.

காரணங்களில் "வறுமை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது தவறு. ஏழைகளில் மிகப் பெரும்பாலானோர் எந்தக் குற்றமும் செய்வதில்லை. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில் வளர்ந்த பத்துப் பையன்களில் ஒருவன்தான் வண்டியின் பின்சீட்டில் ஏறுகிறான். அவன் யார், எந்த இடத்தில் செய்கிறான், பறித்ததை எங்கே விற்கிறான் என்ற மூன்றையும் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஆளைப் பொறுத்தவரை, பல நாடுகளின் கணக்குப்படி, தெருக்குற்றம் பதின்ம வயதின் பிற்பகுதியில் உச்சத்துக்குப் போய், இருபதுகளின் நடுவில் இறங்கத் தொடங்குகிறது. பெரும்பாலானோர் வேலை, திருமணம், குழந்தை என்று வந்ததும் தானாகவே விட்டுவிடுகிறார்கள். விடாமல் தொடர்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1945-ல் பிறந்த 9,945 ஆண்களின் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 627 பேர், அதாவது சுமார் 6 சதவீதம் பேர், மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தது தெரிந்தது. ஆகவே சட்டம் செய்ய வேண்டிய வேலை இரண்டு: தானாக விடப்போகிறவனை விடவிடாமல் செய்துவிடக் கூடாது. விடாதவனைச் சீக்கிரம் அடையாளம் காண வேண்டும். நம் நடைமுறை இந்த இருவரையும் ஒரே வேனில் ஏற்றுகிறது.

இடத்திலும் இதே கதைதான். நகரம் முழுவதும் குற்றம் பரவிக் கிடப்பதில்லை. சியாட்டில் நகரத்தில் பல ஆண்டுப் பதிவுகளைத் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 5 சதவீதத்துக்கும் குறைவான தெருத்துண்டுகளில் சுமார் பாதிக் குற்றங்கள் நடந்திருந்தன. நம் ஊரில் எந்தக் காவல் நிலைய எழுத்தரைக் கேட்டாலும் இதையே வேறு சொற்களில் சொல்வார்: இந்தப் பேருந்து நிறுத்தம், அந்தச் சுரங்கப்பாதை, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்து. பறிப்புக்கு ஏற்ற இடத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. ஆட்கள் போனைக் கையில் பிடித்தபடி நிற்பார்கள், அல்லது அதிகாலையில் வாசல் தெளிக்கவும் நடைப்பயிற்சிக்கும் பெண்கள் தனியாக வருவார்கள். வண்டி வேகமாக வெளியேற அருகிலேயே பெரிய சாலை இருக்கும். வெளிச்சம் குறைவாகவும், கவனித்துக் குரல் கொடுக்கக்கூடிய கடையோ காவலாளியோ இல்லாமலும் இருக்கும். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அந்த இடம் ஆறிவிடும். நியூயார்க்கில் 2016-ல் சில குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் பெருங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஒரு சட்டத் திருத்தமும் இல்லாமல், விளக்கால் மட்டும்.

மூன்றாவது, சந்தை. இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். பறித்த போனை வாங்க ஆள் இல்லையென்றால் பறிப்பு இல்லை. பறித்தவனுக்குக் கிடைப்பது அதன் விலையில் ஒரு சிறு பங்குதான். வாங்குகிறவன் அதைப் பிரித்து டிஸ்ப்ளே, கேமரா, போர்டு என்று தனித்தனியாக விற்கிறான், அல்லது வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறான். தங்கமாக இருந்தால் சில மணி நேரத்தில் உருகிக் கட்டியாகிவிடும், பிறகு அது யாருடைய தாலிக்கொடி என்று எந்த நீதிமன்றத்தாலும் சொல்ல முடியாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் வழக்குகளில் பறித்த பையன் முதல் எதிரியாக, அதாவது முதல் குற்றம் சாட்டப்பட்டவனாக, இருப்பான், வாங்கியவர் பெரும்பாலும் சாட்சியாகவோ, பெயரே இல்லாமலோ இருப்பார். பத்துப் பையன்களைப் பிடிப்பதைவிட ஒரு வாங்குபவரை ஆதாரத்தோடு பிடிப்பது பயனுள்ளது. அது கடினமான புலனாய்வு என்பதாலேயே நடப்பதில்லை.

போதையைச் சொல்லாமல் விட முடியாது. வலி நிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையானவனுக்கு மாதச் சம்பளம் உதவாது, இன்றைக்கு மாலைக்குள் பணம் வேண்டும். அவன் 10 ஆண்டுத் தண்டனையைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் நிலையில் இல்லை. இதோடு முகவரியும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் நீர்நிலைக் கரைகளிலும் நகர மையத்திலும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குடியமர்த்தினார்கள். அம்மாவின் வீட்டுவேலை பழைய இடத்தில், பள்ளி பழைய இடத்தில், வீடு மட்டும் புதிய இடத்தில். பாதியில் படிப்பை விட்ட பையன் வேலை கேட்டுப் போனால், ஊர்ப் பெயரைக் கேட்டதுமே கதவு மூடுகிறது. அந்த மக்கள் மீது இப்படி ஒட்டிய பழி நியாயமற்றது. அந்தப் பழியே அடுத்த குற்றத்துக்கு ஒரு காரணமாகவும் ஆகிவிடுகிறது.

இனி சட்டத்தின் பக்கம். கடுமைதான் மருந்து என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றம் செய்பவனைத் தயங்க வைப்பது தண்டனையின் நீளம் அல்ல, பிடிபடுவோம் என்ற நிச்சயம். இதை 1764-லேயே இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா சொல்லிவிட்டார், பிந்தைய ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே உறுதிப்படுத்துகின்றன. நம்மிடம் ஒழுகுவது அந்த நிச்சயம்தான்.

முதல் ஓட்டை காவல் நிலைய வாசலில் இருக்கிறது. போன் பறிபோனது என்று புகார் கொடுக்கப் போனவரிடம் "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், சிம் வாங்க அது போதும்" என்பார்கள். அல்லது சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தருவார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு பெற்றதற்கான பதிவு, அது வழக்கு அல்ல. எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் சட்டப்படியான புலனாய்வு இல்லை, நீதிமன்றத்துக்கு அந்தச் சம்பவமே தெரியாது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனாலும் வழக்கு எண்ணிக்கை கூடினால் அந்த நிலையத்துக்குக் கெட்ட பெயர் என்ற பழக்கம் போகவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை வைத்து "இந்த நகரம் பாதுகாப்பானது" என்று முடிவு கட்டுவதில் உள்ள சிக்கலும் இதுதான். அந்த எண் நடந்த குற்றங்களைச் சொல்வதில்லை, பதிவான குற்றங்களைச் சொல்கிறது. நேர்மையாகப் பதியும் ஊர்தான் பட்டியலில் மோசமாகத் தெரியும்.

இரண்டாவது ஓட்டை சாட்சியம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை, திருட்டு அல்லது வழிப்பறி என்று பதிவார்கள். இப்போது பி.என்.எஸ். 304 அதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத வகை. கத்தியைக் காட்டியோ காயப்படுத்தியோ பறித்தால் 309-ஆம் பிரிவின் கீழ் வழிப்பறி, 10 ஆண்டு வரை, காயப்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனை வரைகூட. பிரிவு எதுவானாலும் நிரூபிக்க வேண்டியது ஒன்றே: வண்டியில் வந்தவன் இவன்தான் என்பது. பறிகொடுத்தவர் அவன் முகத்தைப் பார்த்தது இரண்டு மூன்று நொடிதான், அதுவும் ஹெல்மெட்டோடு. அடையாள அணிவகுப்பு (பலரோடு நிறுத்தி ஆளை அடையாளம் காட்டச் சொல்வது) நடத்துவதற்கு முன்பே காவல் நிலையத்துக்கு அழைத்து "இவன்தானே?" என்று காட்டிவிட்டாலோ, படம் பத்திரிகையில் வந்துவிட்டாலோ அந்த அணிவகுப்புக்கு மதிப்பில்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதன் பேரில் பொருள் கிடைத்திருந்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த பகுதி மட்டும் செல்லும். கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்து புதிய பதிவு மேலேறிவிடும். எடுத்து வைத்திருந்தாலும் புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இணைக்காவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை ஓரங்கட்டிவிடுவார். இதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் ஊர் மாறியிருப்பார், வந்தாலும் "வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள்" என்று பிறழ்சாட்சி சொல்வார்.

தீர்ப்பு இப்படித் தொலைதூரத்தில் இருக்கும்போது கைதான அன்று என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல்முறை பிடிபட்ட 19 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவும் சொல்வதுபோல 24 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் மாலையில் நீதிமன்றம் எழுந்த பிறகு, நீதித்துறை நடுவரின் முன் நிறுத்துவார்கள். நடுவர் இரண்டு கேள்வி கேட்பார்: "போலீஸ் அடித்தார்களா? வக்கீல் இருக்கிறாரா?" பின்னால் நிற்கும் காவலரைப் பையன் ஓரக்கண்ணால் பார்ப்பான். இல்லை என்பான். இரண்டு நிமிடத்தில் 15 நாள் நீதிமன்றக் காவல். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, ஏன் தேவை என்பதை எழுத வேண்டும், நடுவர் அதைச் சோதிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிமாண்டு அறிக்கையில் "சாட்சிகளைக் கலைப்பார், தலைமறைவாவார்" என்ற வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றுபோல அச்சாகியிருக்கும். அந்த மாலையில் ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் நின்று "இவனுக்கு நிரந்தர முகவரி இருக்கிறது, முன்வழக்கு இல்லை" என்று சொன்னால் பல பேர் உள்ளே போகவே தேவையில்லை. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. உதவி எண் 15100. கைதான குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது.

உள்ளே போனதும் அடுத்த பாடம் தொடங்குகிறது. 2022 டிசம்பர் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அந்த நெரிசலில் புதியவனுக்குப் படுக்க இடமும் பாதுகாப்பும் தருவது "எந்த ஏரியா?" என்று கேட்டு வரும் பழையவர்கள். வெளியே வந்த பிறகு அந்தக் கடனைத் தீர்க்க அழைப்பு வரும்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. அவன் சிறையில் இருக்கும்போதே மற்ற நிலையங்களில் துப்புத் துலங்காமல் கிடக்கும் பறிப்பு வழக்குகளை அவன் மீது காட்டி, பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக வரவழைக்கும் ஆணை) அழைத்து வந்து கைதுக் கணக்கில் சேர்ப்பதுண்டு. சில உண்மையாக அவன் செய்தவை, சில அப்படி இல்லாதவை. ஒரு வழக்குக்காரன் ஆறு வழக்குக்காரன் ஆகிறான். இதன் விளைவு பெரியது. பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவு, முதல்முறைக் குற்றவாளி உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும் மற்றவர்கள் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் விடச் சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை.

பறிப்பு வழக்கில் அதைவிட முக்கியமான கதவு அதே சட்டத்தின் 187-ஆம் பிரிவு. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமை. ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்தே 60 எண்ண வேண்டும். 61-ஆம் நாள் காலையிலேயே மனு போட்டுவிட வேண்டும், மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வருவது எளிதல்ல. இரு நபர் ஜாமீன் என்று உத்தரவாகும். வாடகைக் குடித்தனக்காரருக்குச் சொத்துவரி ரசீது உள்ள இரண்டு பேரை எங்கே தேடுவது? 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் ஏழையிடம் அவன் சக்திக்கு மீறிய ஜாமீன் தொகை கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஜனவரியில், ஜாமீன் உத்தரவாகி 7 நாளுக்குள் வெளியே வராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதன் பிறகும் "தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து" என்ற நிபந்தனை வரும். காலை 10.30-க்கு கையெழுத்துப் போட வேண்டியவனை எந்தப் பட்டறை வேலைக்கு வைத்துக்கொள்ளும்? பிறகு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், தவறினால் பிடிவாரண்டு. கெட்ட எண்ணம் இல்லாமலே ஒருவனை வேலையிலிருந்து பிடுங்கிப் பழைய கூட்டாளிகளிடம் தள்ளும் ஏற்பாடு இது. நிபந்தனையை வாரம் ஒருநாள், மாலை நேரம் என்று தளர்த்தக் கேட்டு மனு போடலாம். வேலை கொடுப்பவரிடமிருந்து ஒரு கடிதம் இணைத்தால் பலன் அதிகம்.

குண்டர் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் அதைத் தண்டனை என்றே நினைக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டமான அது தடுப்புக்காவல், அதாவது இனிக் குற்றம் செய்யாமல் இருக்க முன்கூட்டியே அடைத்து வைப்பது. நகரத்தில் காவல் ஆணையரும் மாவட்டத்தில் ஆட்சியரும் உத்தரவிடுகிறார்கள். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள், அடைத்தது சரியா என்று ஆராயும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்புதல், 7 வாரத்துக்குள் அதன் கருத்து, அதிகபட்சம் 12 மாதம். பழைய வழக்குகளை "அட்வர்ஸ் கேஸ்" என்றும் கடைசி வழக்கை "கிரவுண்ட் கேஸ்" என்றும் வைத்து உத்தரவு எழுதுவார்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் பெருமளவு உத்தரவுகள் ரத்தாகின்றன. காரணம் பெரும்பாலும் குற்றத்தோடு தொடர்பில்லாதது: கொடுத்த நகல் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, அடைக்கப்பட்டவரின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம். ஆனால் அதற்குள் பல மாதங்கள் கழிந்திருக்கும். மூல வழக்கு அப்படியே தூங்கும். பறிகொடுத்த பெண்ணுக்கு நீதியும் இல்லை, பையனுக்குத் தீர்ப்பும் இல்லை.

சட்டத்தில் நல்ல கருவிகள் இல்லாமல் இல்லை. 18 வயது நிரம்பாதவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. 3 ஆண்டு வரை தண்டனையுள்ள பறிப்பு அங்கே சிறு குற்ற வகையில் வரும். சிறுவனைப் பின்சீட்டில் ஏற்றிப் பறிக்கவிட்ட பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 83-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் அபராதமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்திய வழக்குகளைப் பார்ப்பதுதான் அரிது. 21 வயதுக்கு உட்பட்டவருக்கு 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு பெரிய பாதுகாப்பு: காரணத்தை எழுதி வைக்காமல் சிறைத் தண்டனை கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த வயதை எந்த நாளில் கணக்கிடுவது? குற்றவாளி என்று விசாரணை நீதிமன்றம் முடிவு செய்யும் நாளில். 19 வயதில் பிடிபட்டவனின் வழக்கு மூன்று ஆண்டு இழுத்தால் அவனுக்கு 22. தாமதம் நீதிமன்றத்துடையது, இழப்பு அவனுடையது. 4-ஆம் பிரிவின் நன்னடத்தைப் பிணையம் (சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கி விடுவது) அப்போதும் கேட்கலாம், அதற்கு வயது வரம்பு இல்லை. நன்னடத்தை அலுவலர் அறிக்கையைக் கேட்டு வாங்கும்படி வழக்கறிஞர் நீதிமன்றத்தை வலியுறுத்த வேண்டும்.

வெளிநாட்டில் எது பலன் தந்திருக்கிறது என்றால், சிகாகோவில் ஏழைப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்கு 2012 கோடையில் எட்டு வாரம் கூலியோடு வேலை கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காக அவர்கள் கைதாவது சுமார் 43 சதவீதம் குறைந்தது. சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்களோ, கலந்துகொண்ட சிறுவர்களிடம் குற்றத்தைக் கூட்டவே செய்தன. ரிமாண்டைப் பயமுறுத்தும் கருவியாக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பறிகொடுத்தவர் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன், பிடிபடும் நிச்சயத்தைக் கூட்டுவதில் அவருக்கும் பங்குண்டு. உடனே 112-க்கு அழையுங்கள், நேரம், வண்டியின் நிறம், போன திசையைச் சொல்லுங்கள். சிம்மையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள், பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். புகாரில் "பறித்தார்" என்றே எழுதுங்கள், "காணவில்லை" என்று எழுதச் சம்மதிக்காதீர்கள். போன் பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) சேருங்கள், பிறகு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனை முடக்கப் பதியுங்கள். அருகிலுள்ள கடை, வீட்டுக் கேமராக்களின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஆன்லைனில் கொடுத்த புகாரில் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். நிலையத்தில் மறுத்தால் தபாலில் காவல் ஆணையருக்கோ கண்காணிப்பாளருக்கோ, அதுவும் பலிக்காவிட்டால் நடுவரிடம் மனு. 90 நாளுக்குள் புலனாய்வு நிலையை உங்களுக்குத் தெரிவிப்பது காவல்துறையின் கடமை. போன் மீட்கப்பட்டால் வழக்கு முடியும் வரை அது அலமாரியில் கிடக்கத் தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். 497-ஆம் பிரிவின்படி, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல், படம், வீடியோ எடுத்து, அடுத்த 30 நாளுக்குள் அதை ஒப்படைக்க உத்தரவிடலாம். பில், பெட்டி, அடையாளச் சான்றோடு நீங்களே மனு போடலாம்.